கரிச்சட்டியை மறக்காத பாக்கியம்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பாக்கியத்தின் மகன் பேசினார். "டீச்சர், அம்மா தவறிட்டாங்க" என்றார். நான் "எந்த அம்மா?" என்று கேட்டேன். அவருக்கு இருந்தது ஒரே அம்மாதான். இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது.

கண்டி மஹய்யாவையில் பாக்கியத்தைத் தெரியாதவர் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி இங்கே வந்து என் பக்கத்து வீட்டுக்காரரானார். இருவருக்கும் ஒரே வயது. நான் பள்ளிக்கூட ஆசிரியை, மாதர் சங்கச் செயலாளர். சங்கத்தில் என் பேச்சை மறுத்துப் பேசத் துணிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே எங்களுக்குள் சண்டைக்குக் குறைவிருக்கவில்லை, பழக்கத்துக்கும்தான்.

கரண்ட் அடிக்கடி போய்வந்த ஒரு வருடம், அவர் பிறந்த தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் நாற்பது குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுப்பதெனச் சங்கம் முடிவெடுத்தது. ஒருநாள் வயதான இருநூறு குஞ்சுகளை வாங்கி, தேறும்வரை என் வீட்டுப் பின்னறையில் வளர்த்துக் கொடுக்க வேண்டும். குஞ்சு வளர்ப்பு வகுப்பொன்று கலகெதரையில் நடந்தது. செயலாளர் என்ற முறையில் நான்தான் போனேன். குஞ்சுக்குச் சூடு வேண்டும், தீனியும் தண்ணீரும் கண்ணில் பட வெளிச்சம் வேண்டும் என்று சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். பிற்பகல் வகுப்புக்கு நிற்காமல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். குஞ்சின் தூக்கத்தைப் பற்றிய பாடம் பிற்பகலில்தான் நடந்ததாம். அரைப் பாடம் படித்தவள் முழு வாத்தியாராகத் திரும்பினேன்.

பின்னறையில் உமி பரப்பி, பெரிய பல்புகளைத் தொங்கவிட்டு, இரவும் பகலும் எரியவிட்டோம். மூன்றாம் நாளே பாக்கியம் முகத்தைச் சுளித்தார். குஞ்சுகள் ஓயாமல் கத்தின. ஒன்றின் வாலை ஒன்று கொத்தின.

"இதுங்க தூங்கவே இல்லைங்க டீச்சர். பிள்ளை மடுவத்துல ஜன்னலுக்குச் சாக்கு கட்டித்தான் பிள்ளைகளத் தூங்க வைப்போம். தாய்க்கோழி இறக்கைக்குள்ள பல்பா எரியுது? சூடு எப்பவும் வேணும், வெளிச்சம் எப்பவும் வேணாம்."

அதோடு நிற்கவில்லை. மண்சட்டியில் கரி மூட்டி, ஓட்டை போட்ட தகரத்தால் மூடி, சுற்றிலும் கம்பிவலை வைத்துக் கொண்டுவந்தார். அந்தச் சூட்டில் குஞ்சுகளை விட்டு, மாலையில் கொஞ்ச நேரம் பல்பை அணைத்து இருட்டுக்குப் பழக்கலாம் என்றார். நான் என் குறிப்புக் கொப்பியை விரித்துக் காட்டினேன். "இதில் அப்படி இல்லை" என்றேன். இல்லைதான். நான் எழுதினால்தானே இருக்கும்! கரிச்சட்டியை முற்றத்தில் வைக்கச் சொன்னேன். தினமும் மாலை அவர் அதை மூட்டித் தயாராக வைத்தார். நான் உள்ளே எடுக்க விடவில்லை.

அதுவரை பகலில் மட்டும் போய்வந்த கரண்ட் பத்தாம் நாள் மாலை ஏழு மணிக்குப் போனது. பிறந்ததிலிருந்து இருட்டையே காணாத குஞ்சுகள் ஒரேயடியாக அலறின. நான் வீட்டுக்குள் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன். பாக்கியம் ஓடிவந்து கதவைத் திறக்கும்போது, அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. இரு கையாலும் அவர் அள்ளி அள்ளிப் பிரித்துப்போட்டார். அடியில் கிடந்தவற்றுக்கு மூச்சில்லை. எழுபத்து மூன்று குஞ்சுகள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் கரிச்சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்து, மிச்சக் குஞ்சுகளை அதைச் சுற்றி விட்டார். மூலைகளை அட்டையால் வளைத்து மறைத்தார்.

மறுநாள் முதல் அவர் சொன்னபடி நடந்தது. முதல் மாலை கால் மணி நேரம் இருட்டு, அடுத்த நாள் அரை மணி, அப்படியே கூட்டினோம். ஒரு வாரத்தில் பல்பை அணைத்ததும் குஞ்சுகள் சட்டியைச் சுற்றிப் பரவிப் படுத்துக்கொண்டன. கழுத்தை நீட்டி உமியில் கிடத்தி அவை தூங்குவதை அன்றுதான் பார்த்தேன். செத்துக் கிடக்கின்றனவோ என்று பயந்து ஒன்றைத் தொட்டேன். பாக்கியம் என் கையைத் தட்டிவிட்டார்.

குஞ்சுகள் தேறியதும் லயத்துக்குக் கொண்டுபோனோம். ஐந்து தருவதாகச் சொன்ன ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்றுதான் கொடுக்க முடிந்தது. பெண்கள் கூடிநின்று காரணம் கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் பாக்கியம் சொன்னார்: "கரண்ட் போனா கரிச்சட்டி வைக்கணும். நான்தான் மறந்துட்டேன். என் தப்பு."

அவர்கள் அவரை ஏசினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். திரும்பும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னய ஏசுனா நாளைக்குத் தேத்தண்ணி குடுப்பாங்க, எங்க சனம். ஒங்க பேச்சு எடுபடாமப் போனா சங்கம் அந்த மலைக்குத் திரும்பப் போக முடியுங்களா?"

எனக்கு உண்டானது நிம்மதி. அதை எழுத இப்போதும் கூசுகிறது. அதன் பிறகு எத்தனையோ முறை அந்த லயத்துக்குப் போனேன், கூட்டம் நடத்தினேன், மாலையும் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்ல ஒருநாளும் நேரம் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாவீட்டுக்கு ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அன்று லயத்தில் பாக்கியத்தை அதிகம் ஏசிய மூக்காயி பெட்டியருகே கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குஞ்சுகள் செத்தது என்னால்தான் என்றேன்.

மூக்காயி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுங்க டீச்சர். எங்க பிள்ளைகள அது கையிலதான் விட்டுட்டு மலைக்குப் போனோம். ஒரு பிள்ளைக்குப் பால் நேரம் தப்பினதில்ல. அது கரிச்சட்டிய மறந்துச்சாம்!"

"பிறகு ஏன் அவரை ஏசினீர்கள்?"

"ஏசாட்டி, நீங்கதான் காரணம்னு எங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அது கண்டுபிடிச்சிருமே. அது அவ்வளவு பாடுபட்டு ஒங்கள மறைக்குது. நாங்க எப்பிடிக் காட்டிக் குடுக்குறது?"

இரங்கலுரை சொல்ல என்னை அழைத்தார்கள். எழுதிவந்த இரண்டு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். "பாக்கியம் எதையும் மறக்கவில்லை. அன்று அவர் பேச்சைக் கேட்காதவள் நான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. மூக்காயி மட்டும் தலையசைத்தார்.

பெட்டியை மூடி, ஆண்கள் படிகளில் இறக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்றேன். பாக்கியம், இத்தனை வருடம் நீங்கள் சுமந்தது என்னுடையது. இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். இனி நான் தூக்கிக்கொள்கிறேன்.