கசக்கிற கீன்வா

போன செவ்வாய்க்கிழமை வால்தம்ஸ்டோ கிளினிக்கில் ஒரு நேர்ஸ் என்னைப் பாராட்டினாள். பாரிஸில் இருந்த காலத்திலும் சரி, லண்டனிலும் சரி, ஒரு அரசாங்கக் கட்டிடத்துக்குள் வைத்து என்னை யாரும் பாராட்டியதில்லை. அதனால் கதிரையை விட்டு எழும்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

எனக்கு இரத்தத்தில் சீனி இறங்கியிருந்தது. இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்று கோடைக்கு முந்தியே சொல்லியிருந்தார்கள். ஊசி என்றால் எனக்கு... வேண்டாம், அதை விடுவோம்.

"என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

கீன்வா என்றேன். பெருமையாக.

தெரியாதவர்களுக்கு: கீன்வா தென்னமெரிக்கத் தானியம். பார்த்தால் தினை மாதிரி இருக்கும். சோற்றைக் குறைக்கச் சொன்ன அன்றே என் மனைவி ஜெசிந்தா ஹெல்த் ஷாப்பில் நிறுத்து வாங்கி வந்தாள். ஊரே கிரெடிட் கிரஞ்ச், பண நெருக்கடி என்று கையைச் சுருக்கிய நேரத்தில் பாஸ்மதியை விட விலை கூட. அவித்து, மீன்குழம்பு விட்டுத் தந்தாள். ஒரு வாய் வைத்தேன்.

கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு.

வேறு ஆட்கள் என்றால் கடைக்காரனிடம் போய்ச் சண்டை பிடித்திருப்பார்கள். நாங்கள் பிடிப்போமா? பாகற்காய் கசக்கும் — சீனிக்கு நல்லது. வேப்பம்பூ கசக்கும் — சீனிக்கு நல்லது. இதுவும் கசக்கிறது. பிறகென்ன சந்தேகம்? தினமும் நாலு கரண்டி விழுங்கி, மேலே ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து எழும்பினேன்.

அதோடு நின்றேனா? எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் அன்ரன் அண்ணையும் சீனிக்காரர். அவரையும் பிடித்து இதே கீன்வாவுக்கு மாற்றினேன்.

"தம்பி, உது தொண்டைக்குள்ள இறங்குதில்லை."

"அண்ணை, அதுதான் மருந்து."

ஞாயிறு பூசை முடிந்து கோயில் ஹோலில் தேநீர் தருவார்கள். பாட்டுக்குழுவில் பாடும் கார்மென், பெரு நாட்டுக்காரி, இந்த முறை ஒரு பெரிய பிளாஸ்க்கோடு வந்திருந்தாள். கீன்வா, ஆப்பிள், கறுவா, கராம்பு போட்டுக் காய்ச்சிய கஞ்சி. அவளுடைய ஊரில் விடியக் காலையில் தெருமுனையில் நின்று குடிப்பார்களாம். வெறியேறுமா என்று விசாரித்தேன். அது சிச்சா, சோளத்தைப் புளிக்கவைப்பது, அதைக் கோயிலுக்குக் கொண்டு வரமாட்டேன் என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குடித்தேன். கசப்பே இல்லை.

"கசப்பு எங்கே?" என்று கேட்டேன்.

கார்மென் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கழுவினால் போய்விடுமே. நுரை அடங்கும் வரை கழுவ வேண்டும். மேலே ஒட்டியிருப்பது சவர்க்காரம் மாதிரி. நீங்கள் கழுவுவதில்லையா?"

இத்தனை நாளும் மருந்தென்று நான் விழுங்கியது சவர்க்காரம். இன்னொரு கப் வாங்கிக் குடித்துவிட்டு, கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

"ஜெசிந்தா, கீன்வாவைக் கழுவ வேணுமாம்."

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓம், தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் நாளே. தண்ணி விட்ட உடன நுரைச்சது. அரிசியை நாலு தண்ணியில கழுவிற எனக்கு உது விளங்காதே?"

"பின்னை ஏன் நீர் கழுவேல்லை?"

"கழுவினா நீங்கள் எவ்வளவு சாப்பிடுவியள்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு கோப்பை நிறைய. பிறகு இன்னொரு கோப்பை. சீனி ஏன் இறங்கியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவளும் தினமும் என்னோடு இருந்து, அதே சட்டியில் இருந்துதான் போட்டுச் சாப்பிட்டாள்.

"உமக்குச் சீனி இல்லையே. நீர் ஏன் உதைச் சாப்பிட்டனீர்?"

"நான் சோறு திண்டா, நீங்கள் என்ர கோப்பையைத்தான் பாத்துக்கொண்டிருப்பியள்."

அவளிடம் இருந்து கத்தியை வாங்கி, மிச்ச வெங்காயத்தை நானே வெட்டினேன்.

இன்று இரவும் கீன்வாதான். கழுவ வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து கழுவுகிற விஷயத்தை அன்ரன் அண்ணையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் — அவருக்கும் சீனி இறங்குகிறதாம்.