வடக்கு எந்தப் பக்கம்?

எழுதுகிறவன் என்றால் மெமோவுக்குப் பதில் எழுதவும் தெரியும் என்று கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவுக்கு ஒரு நம்பிக்கை. சென்ற மாதம் பக்கத்து வீட்டு மல்லிகா கையில் ஒரு கவரோடு வந்தார். "இங்கிலீஷ்ல ஒரு பதில் எழுதிக் குடுங்கண்ணா" என்றார்.

மல்லிகாவுக்கு போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பாலிஷ் போட்ட சின்னச் சின்ன ஸ்டீல் வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். பதினோரு வருடமாக இதேதான். கம்பெனி ஓசூரில் இருந்தவரை அவர்மேல் ஒரு புகார் கிடையாது. போச்சம்பள்ளிக்கு இடம் மாறி ஒன்றரை வருடத்தில் இது இரண்டாவது மெமோ. மூன்றாவது வந்தால்... வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மெமோவில் இருந்த விஷயம் இது: கீறல் விழுந்த வளையங்களை மல்லிகா 'ஓகே' செய்துவிடுகிறார். அதுவும் காலை ஆறு மணி ஷிஃப்டில் மட்டும். மதிய ஷிஃப்ட் வாரங்களில் தவறே இல்லை. ஆகவே, இவர் சரியாகத் தூங்காமல் வேலைக்கு வருகிறார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். அதற்கு முன் எழுந்து, சமைத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டி... கண் அசந்திருக்கும், பாவம். உருக்கமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, தமிழில் அர்த்தமும் சொன்னேன்.

மல்லிகா கையெழுத்துப் போடவில்லை.

"தப்பு பண்ணாதானே மன்னிப்பு கேக்கணும்? காலைல அந்த ஷெட்டுல பீஸே தெரிய மாட்டேங்குதுண்ணா. எங்கூட உக்கார்ற நாலு பேருக்கும் இதே கதைதான். சூப்பர்வைசருகிட்ட சொன்னா, 'ஓசூர்ல இருந்த அதே கூரை, அதே கண்ணாடி, உங்களுக்கு மட்டும் என்னா'ங்கறாரு."

கூரை என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

எனக்குக் கட்டடப் பைத்தியம் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சண்டிகரில் வெறும் கான்கிரீட் சுவர் ஒன்றின் முன்னால் வாயைப் பிளந்து நின்ற ஆள் நான். "ஏங்க, பூச்சு வேலையை எப்ப முடிப்பாங்க?" என்று என் மனைவி கேட்டது தனிக்கதை. திருவனந்தபுரத்தில் செங்கல்லைப் பூசாமல், சுவரெல்லாம் ஓட்டை விட்டு, காற்றை வீட்டுக்குள் கூட்டிவந்த வீடுகளைப் பார்த்து, அங்கேயே குடியேறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்!

சென்ற நூற்றாண்டின் பெரிய ஆர்க்கிடெக்டுகளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். தூணுக்கு என்ன பூ செதுக்கலாம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. உள்ளே யார் இருக்கப்போகிறார்கள், என்ன செய்யப்போகிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வரும் — இதைத்தான் முதலில் கேட்டார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது இல்லையா? நாமோ பதிலை மட்டும் காப்பியடிக்கிறோம். குளிர் தேசத்தில் வெயிலுக்கு ஏங்கிப் போட்ட கண்ணாடிச் சுவரை பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அப்புறம் உள்ளே திரை போட்டு மூடி, பட்டப்பகலில் ட்யூப்லைட்டைப் போடுகிறோம்.

மல்லிகா வேலை பார்த்த ஓசூர் ஷெட்டை நான் பார்த்திருக்கிறேன். பம்பாயிலிருந்து வந்த யாரோ ஒரு ஆர்க்கிடெக்ட் எழுபதுகளில் வரைந்தது. ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் கூரை. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் நேராக நிற்கும் கண்ணாடி. பழைய மில்களில் பிறந்த யோசனைதான். ஆனால் அந்த மனிதர் அதை எவ்வளவு அழகாகச் செய்திருந்தார்! உள்ளே நின்றால் எதன்மேலும் நிழல் விழாது. கண்ணும் கூசாது.

கம்பெனியின் எம்.டி.க்கும் அந்த ஷெட்மேல் கொள்ளை ஆசை. அதனால்தான் போச்சம்பள்ளியிலும் பழைய வரைபடத்தை வைத்தே, ஒரு அங்குலம் மாறாமல் கட்டச் சொன்னாராம்.

அப்படியென்றால் எங்கே கோளாறு? ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடும் தெரிந்தவர்களோடும் வரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நானும் மனைவியும் மல்லிகாவோடு கிளம்பினோம்.

மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்து முடிக்கும்போது நடுப்பகல். நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். அதே பல்வரிசை. அதே சாந்தமான வெளிச்சம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

"நல்லாத்தானே இருக்கு மல்லிகா?" என்றேன் தயங்கி.

"இப்ப நல்லாத்தாண்ணா இருக்கும். காலைல வெயிலு நேரா மேஜைமேல அடிக்கும். வளையம் பளபளன்னு மின்னும், கீறல் எங்க தெரியறது? ஓசூர்ல வெயிலு உள்ளயே வராதுண்ணா. வெளிச்சம் மட்டும்தான் வரும்."

பத்துப் புத்தகம் படித்து நான் புரிந்துகொண்டதை, கையில் பொரிப் பொட்டலத்தோடு இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

ரிசப்ஷனில் அந்தப் பழைய வரைபடத்தை ஃப்ரேம் போட்டு மாட்டி, அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். மூலையில் வடக்கைக் காட்டும் ஒரு சின்ன அம்புக்குறி. எல்லாக் கண்ணாடியும் அந்த அம்பு காட்டும் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. நம் ஊரில் வடக்கு வானத்திலிருந்து நேர் வெயில் அநேகமாக வராது. அந்தக் கூரையின் சூட்சுமமே அதுதான்.

"சார், இங்க வடக்கு எந்தப் பக்கம்?" என்று பக்கத்தில் நின்ற மேனேஜரைக் கேட்டேன்.

அவர் காட்டிய பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லாத சுவர் இருந்தது.

"அப்போ கண்ணாடியெல்லாம்?"

"கிழக்கு சார். வாசல் கிழக்கு பாத்து இருக்கணும்னு பெங்களூர்ல நம்ம வாஸ்துக்காரர் சொல்லிட்டாரு. அதான் வரைபடத்தை அப்படியே ஒரு திருப்பு திருப்பிட்டோம். அளவு எதுவும் மாத்தல."

வாசல் திரும்பியது. கூடவே கண்ணாடியும் திரும்பியது. ஒன்பதரைக்கு ஆபீஸ் வருகிற யாரும், காலை ஏழு மணி வெயில் அந்த மேஜையில் என்ன செய்கிறது என்று பார்த்ததே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பொரியைக் கீழே வைத்துவிட்டேன்.

எம்.டி.யிடம் போய் விளக்கினேன். அம்பு, திசை, கோணம்... கொஞ்சம் லெக்சராகவே போய்விட்டது. அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அப்போது மல்லிகா முன்னால் வந்தார்.

"சார், லீவு முடிஞ்சு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வாங்க. எங்கூட உக்காந்து நூறு பீஸு பாருங்க. அப்புறம் என்னைய வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

மனிதர் வந்தார்! அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. ஏழு மணிக்கு மல்லிகாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நூறு வளையம் பார்த்தாராம். அவர் நல்லது என்று வைத்த டிரேயை மல்லிகா வெளியே நிழலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார். ஒன்பது வளையத்தில் கீறல்.

 எம்.டி. அந்த ஐந்து பெண்களின் மெமோவையும் ஃபைலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, "மேஜையை எங்கம்மா போடலாம்?" என்று மல்லிகாவைக் கேட்டிருக்கிறார். மல்லிகா ஒரு வளையத்தைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே ஷெட் முழுக்க நடந்தார். பின்னாலேயே எம்.டி., மேனேஜர், டேப்போடு காண்ட்ராக்டர். கடைசியில் அந்த வடக்குச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, "இங்க மேலேர்ந்து வெயிலு எட்டல சார். ஒரு ஜன்னல் வெச்சுக் குடுத்தா போதும்" என்றார்.

மேனேஜர் பதறிப்போனார். "சார், சுவரை இடிக்கறதுக்கு முன்னாடி பெங்களூருக்கு ஒரு போன் போட்டு, வாஸ்துக்காரரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"வேணாம். இந்தம்மாவக் கேட்டாச்சு" என்றார் எம்.டி.