ஆவிக்கு ஒரு துவாய்

வென்ட்வேர்த்வில்லில் ஒரு வீட்டின் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். முன்வீட்டில் அன்ரியும் அங்கிளும். அங்கிள் தொலைக்காட்சிக்கு முன்னால் உள்ள கதிரையை விட்டு இலேசில் எழும்ப மாட்டார். அன்ரி நேரெதிர். சிட்னியில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் கலியாணமும் தன் தலையில்தான் என்று நினைக்கிறவர். நாற்பது தாண்டிய, மன்னாரில் இருந்து வந்த, ஒழுங்காக ஞாயிறு பூசைக்குப் போகிற, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒருவன் ஏன் தனியாக இருக்கிறான் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. எனக்கு விளங்கும். அதைப் போய் அன்ரிக்குச் சொல்ல நான் என்ன விசரனா?

அவருடைய குசினி யன்னலைத் தாண்டித்தான் நான் படலைக்குப் போக வேண்டும். ஒருநாள் வேலைக்குப் பிந்திவிட்டது என்ற அவசரத்தில் "போறன் அன்ரி" என்று சொல்லிவிட்டேன். அகப்பையும் கையுமாக வெளியே வந்தார். "என்ன தம்பி வாய் இது? போறன் எண்டு சொல்லிப் போறவை திரும்பி வாறதில்லை. போட்டு வாறன் எண்டு சொல்லும்." சொன்ன பிறகுதான் வழிவிட்டார்.

என் வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூச்சை இழுங்கள், அடக்குங்கள், இப்போது விடுங்கள். ஆங்கிலத்தில் காலையிலிருந்து பின்னேரம் வரை இதுதான். வந்தவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். சில நாட்களில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, இன்றைக்கு இதைத் தவிர வேறு என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்ப்பேன். ஒன்றும் இராது.

அதனால்தான் அந்தப் புத்தகங்கள். ஆணும் ஆணும் காதலிக்கிற யப்பானியப் படக்கதைகள். பெரும்பாலும் பெண்கள் எழுதி, பெண்களே வாசிக்கிறவை என்று சொல்வார்கள். இருக்கட்டுமே, நான் வாசித்தால் யாருக்கு என்ன குறைந்து போகிறது? அதிலும் ஒருவன் மனிதனும் மற்றவன் பேயோ நரியோ மலைத்தெய்வமோ ஆக இருக்க வேண்டும். இரண்டு பேரும் மனிதராக இருக்கிற கதைகள் எனக்குச் சரிவரவில்லை. அவற்றில் தடை என்று வருவது எல்லாம் சின்ன விஷயங்கள். ஒருவன் செத்தவன் என்றால்தான் எனக்குப் பழக்கமான அளவுக்குத் தூரம் வரும்.

என்னைக் கெடுத்த கதை இதுதான். யப்பானில், ஒரு வீட்டில் யாராவது கெட்ட சாவு செத்திருந்தால் வாடகைக்கு வருகிறவனுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். வாடகையும் குறையுமாம். கந்தோரில் வேலை செய்கிற ஒருவன் மலிவுக்கு ஆசைப்பட்டு அப்படியொரு வீட்டை எடுக்கிறான். அங்கே குளியல் தொட்டியில் உடுப்போடு மூழ்கிச் செத்த ஒருவனின் ஆவி இருக்கிறது. அது கெட்ட ஆவி அல்ல. ஒரே ஒரு கரைச்சல், அதன் உடுப்பு காய்வதே இல்லை. நிற்கிற இடமெல்லாம் தண்ணீர். குடியிருக்க வந்தவன் பயப்படவில்லை. துடைக்கத் துவாய் எடுத்து நீட்டுகிறான். ஆவிக்குத் துவாயைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு நாளும் ஒரு துவாயைக் கதிரையில் மடித்து வைக்கிறான். மடையன்! அந்த மடையனுக்காக நான் ரெயிலில் அழுதிருக்கிறேன்.

கதை மாதத்துக்கு ஒரு அத்தியாயமாக இணையத்தில் ஆங்கிலத்தில் வரும். கீழே உலகம் முழுவதிலும் இருந்து வாசகர்கள் ஏதாவது எழுதுவார்கள். துவாய் மடித்து வைத்த அத்தியாயத்தின் கீழே யாரோ ஆங்கில எழுத்தில் "ஐயோ கடவுளே" என்று போட்டிருந்தார்கள். உடனே "நீங்கள் தமிழோ?" என்று எழுதினேன். "ஓம். மெல்பேண், டண்டினொங். நீங்கள்?" என்று வந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர். என்னை விட நாலைந்து வயது குறைவு. ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தாயும் அக்கா குடும்பமும் ஒரே வீட்டில். வீட்டில் தனியாக ஒரு மூலை இல்லாதபடியால், ஞாயிறு பின்னேரம் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் காரை விட்டு, அதற்குள் இருந்துகொண்டு எனக்குத் தொலைபேசி எடுப்பார். முகம் காட்ட மாட்டார். நானும் கேட்கவில்லை. குரல் மட்டும்தான். கொஞ்சம் கரகரத்த, சிரிப்பை அடக்கிக்கொண்டு கதைக்கிற குரல்.

யார் தொடக்கினது என்று ஞாபகமில்லை, அந்தக் கதையைச் சேர்ந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினோம். ஆங்கிலத்தைப் பார்த்து அந்தந்த இடத்திலேயே தமிழாக்கி, ஆளுக்கொரு பாத்திரம். நான் குடியிருக்கிறவன். அவர் ஆவி. புது அத்தியாயம் வராத கிழமைகளில் பழையதையே திரும்ப வாசிப்போம். ஆவி வாயைத் திறந்தாலே யாழ்ப்பாணத் தமிழ்தான். "ஏன் காணும் இவ்வளவு பிந்தினீர்? பாரும், நிலமெல்லாம் ஈரமாக்கிப் போட்டன்." நான் சொல்வேன்: "ஈரத்தை விடும். தனிய இருந்தனீரே, அதுதான் எனக்குக் கவலை." இப்படியே நீங்கள் என்று கதைத்த நாங்கள் நீர் என்று ஆனோம். வாசிப்பு முடிந்த பிறகும் அந்த நீர் மாறவில்லை.

எனக்கு அவர் மேல் காதல். சுற்றி வளைப்பானேன்? கிழமை முழுவதும் ஞாயிற்றுக்காக இருந்தேன். ஆனால் நாங்கள் சொன்ன அன்பான சொல் ஒவ்வொன்றும் கதையில் இருந்தது. ஒன்றாவது எங்கள் சொந்த வாயால் வந்ததில்லை.

இதற்குள் அன்ரிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. உடுப்புக் காயப்போட வந்தவரின் காதில், "உம்மை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்" என்று நான் யன்னலுக்குள்ளே உருகிக்கொண்டிருந்தது விழுந்திருக்கிறது. அடுத்த நாள் படலையில் மறித்தார்.

"ஆர் தம்பி பிள்ளை?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி."

"எனக்குக் காது குத்த வேண்டாம். எவடம்?"

சொல்லித் தொலைத்தேன், "மெல்பேண்."

"மெல்பேணே! நல்லது, குளிருக்குப் பழகின பிள்ளையா இருக்கும்." அன்றைக்கே எனக்கு நண்டுக்கறி வந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்துக்கு அங்கிளுடைய தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்க வைத்தார், பாவம் மனிசி.

கடைசி அத்தியாயம் வந்தது. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற கோடைகாலத் திருநாள் யப்பானியருக்கு உண்டு. அது முடிகிற நாளில் வாசலில் சின்னதாக நெருப்பு மூட்டி அவர்களை வழியனுப்புவார்கள். அந்த நெருப்போடு ஆவியும் போக வேண்டும். திரும்பி வர முடியாத போக்கு. அன்றைக்கு வாசித்து முடித்ததும் கதையை மூடிவிட்டு, என்னுடைய வாயால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பூசையில் கூட அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுள் என்ன நினைத்தாரோ தெரியாது.

கடைசிப் பக்கத்தில் ஆவி வாசலில் நிற்கிறது. கட்டத்துக்குள் ஒரு வசனம்தான். நான் போகிறேன் என்பதுதான் அது. என் கண் அதில் குத்திட்டு நின்றது. அங்கே, காரின் மேல் மழை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "போட்டு வாறன்."

கதையில் அப்படி இல்லை. அவர் மாற்றிச் சொல்கிறார். எனக்காக மாற்றிச் சொல்கிறார். குடியிருக்கிறவனுடைய கடைசி வசனத்தை நான் சொல்ல வேண்டும். "துவாய் எடுத்து வைக்கிறன்" என்றேன். அவர் "சரி" என்றார். கட் பண்ணிவிட்டார்.

சொல்ல நினைத்ததை நான் சொல்லவில்லை. இனி என்ன சொல்ல இருக்கிறது, அவரே சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். அந்தக் கிழமை முழுவதும் நான் எக்ஸ்ரே அறைக்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு கிழவி என்னைப் பார்த்து, எனக்கு ஏதும் பரிசு விழுந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் எடுத்தால் மணி அடித்து ஓயும். பிறகு ஒருநாள் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. தங்க எழுத்தில் அவருடைய கலியாண அழைப்பிதழ். கீழே ஒரு வரி: "கட்டச் சொல்லி அம்மா சரியாக் கேட்டவ. ஏலுமெண்டா வாரும்."

போகாமல் விட்டிருக்கலாம். புத்தியுள்ளவன் போகமாட்டான். ஆனால் அவர் முகத்தை நான் அதுவரை கண்டதில்லை. அன்ரியிடம் மெல்பேணுக்கு ஒரு கலியாணத்துக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணைச் சிமிட்டி, "பிள்ளையையும் பாத்திட்டு வாரும்" என்றார்.

டண்டினொங் ஸ்டேஷனில் இருந்து மண்டபத்துக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே போகும்போது சப்பாத்துக்குள் தண்ணீர். தாலி கட்டி முடிந்து, ஆட்கள் மேடைக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. யாரும் என்னை யாரென்று கேட்கவுமில்லை. நானும் வரிசையில் நின்றேன்.

தலைப்பாகையோடு நின்றார். நான் நினைத்திருந்ததை விடக் கட்டை, நான் நினைத்திருந்ததை விட வடிவு. என்னைப் பார்த்து, மற்ற எல்லாருக்கும் சிரித்த மாதிரியே சிரித்தார். அவருக்கும் என் முகம் தெரியாதே. "சிட்னியில இருந்து வந்தனான்" என்றேன். குரல் காதில் விழுந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் சேர்ட்டைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படம் எடுப்பவர் கிட்ட நிற்கச் சொன்னார். தோளோடு தோள் முட்டியது. அவ்வளவு நாளில் முதல் தடவை. மணமகள் மற்றப் பக்கத்தில் யாரோ பெரியம்மாவுக்குக் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்தது அந்த நேரம்தான்.

"அண்டைக்குப் போட்டு வாறன் எண்டு சொன்னீர்" என்றேன், கமராவைப் பார்த்தபடி.

அவரும் கமராவைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பிடித்தானே சொல்லுறது."

வேறொன்றுமில்லை. கோபமில்லை, பொய்யுமில்லை. போறன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் அப்படி வளர்த்திருக்கிறார்கள், என்னை வளர்த்தது போல. அதைப் போய் நான் வாக்கு என்று எடுத்து, மடித்துக் கதிரையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கமரா வெளிச்சம் அடித்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்க, நான் இறங்கினேன். சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பெட்டியை இழுத்துக்கொண்டு படலையைத் திறந்தேன். அன்ரி குசினியில் இருந்து ஓடி வந்தார்.

"என்ன தம்பி, பிள்ளையைப் பாத்தனீரோ?"

"பாத்தனான் அன்ரி."

"என்னவாம்?"

"அந்தப் பிள்ளையின்ர கலியாணத்துக்குத்தான் அன்ரி. நான் போனது."

அன்ரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கை வாய்க்குப் போனது. என் பின்னாலேயே வந்து, என் வீட்டுக்குள், என் ஒரே கதிரையில் இருந்தார். நான் கட்டிலில் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கம் கெட்டு, மூக்கு ஒழுக, ஒரு மனிசிக்கு முன்னால் அழுதேன்.

"விடும் தம்பி" என்றார், முதுகைத் தடவிக்கொண்டு. "உம்மட அருமை அவளுக்குத் தெரியேல்லை. அவளுக்குக் குடுத்து வைக்கேல்லை."

அவள் இல்லை அன்ரி என்று வாய்வரை வந்தது. சொன்னால் அந்தக் கை முதுகில் இருக்குமோ எடுபடுமோ எனக்குத் தெரியாது. அந்தக் கை எனக்கு அப்போது வேண்டும். "ஓம் அன்ரி" என்றேன்.

"ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டீர்." எழும்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிற தன் குசினிக்குப் போவதற்கும், "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் கட்டிலில் அப்படியே இருந்தேன். சோறும் சொதியும் கொண்டு அன்ரி திரும்பி வந்தார்.