கரகரக்கும் ஃபேன்

மே 14, புதன்கிழமை, காலை 11.20. ஒரு மேகமும் இல்லாத வெயில். என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் கடைவீதியில் பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருந்தேன். பிராசஸரைக் குளிர்விக்கும் ஃபேன் சில வாரங்களாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. புது ஃபேன் 1,850 ரூபாய், தண்ணீர் கூலிங் 5,600. தண்ணீர் கசிந்தால் எல்லாமே போய்விடுமே என்ற பயம் வேறு. தூசி தட்டினால் போதும், 200 ரூபாயோடு முடியும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் பீங்கான் சூளையில் வேலை செய்பவர் ஒருவர் வந்திருந்தார். புருவமெல்லாம் வெள்ளை மண். அவருடைய கம்ப்யூட்டர் பெட்டியில் கடைக்காரர் ஒவ்வொரு ஃபேனாக மாட்டி ஓடவிட, அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வேண்டாமென்று தலையசைத்தார்.

"தண்ணி கூலிங் போட்டுக்குங்கண்ணே. ஓடுறதே தெரியாது."

"தெரியணும் தம்பி. பையன் ராவுல வேலை பாக்கறப்ப இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் அவங்கம்மா தூங்குவா. அவன் தவறுன பொறவும் நான் தெனமும் ஓட வுடுவேன். ஃபேன் நின்னதுலேருந்து அவ தூங்கல."

அடுத்து கடைக்காரர் என் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். அந்த மனிதர் கண்ணைத் திறந்தார்.

"இதே சத்தந்தாங்க. ஐயா, இந்த ஃபேன எனக்குக் குடுத்துடுறீங்களா?"

"ரெண்டும் ஒரே மாடல்தான் சார்," என்றார் கடைக்காரர்.

மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டு, கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். மாட்டி முடித்ததும் அவர் பெட்டியில் காதை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"எத்தினி நாளு ஓடும் தம்பி?"

"தேஞ்ச ஃபேனுண்ணே. ரொம்ப நாளு வராது."

"வர்ற வரைக்கும் வரட்டும்."

விலை கேட்டார். நான் வாங்கவில்லை. எனக்குப் புது ஃபேனும் மாட்டிய கூலியுமாக 2,000 ரூபாய் ஆனது.