ஓட்டுநர் உட்பட எடை

அம்மா வேன் ஓட்டினாள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டிலிருந்து ஏற்றி மருத்துவமனையில் விடுவாள். முடிந்ததும் திரும்ப ஏற்றி வீட்டில் விடுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. போன மாதம் இறந்துபோனாள்.

அப்பா விட்டுப்போனது டீசல் வேன். ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு டீசல் வாடை குமட்டும்; பாதி வழியில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுப்பார்கள். அம்மா அதை விற்றுவிட்டுப் பேட்டரி வேன் வாங்கினாள். சக்கர நாற்காலி ஏறுவதற்குப் பின்கதவில் ஒரு மடிப்புச் சாய்பலகை மாட்டினாள். தடித்த இரும்பு. சட்டத்தோடு சேர்த்து அறுபது கிலோ.

பேட்டரி வண்டிகளுக்குப் பல வருடம் சாலை வரி கிடையாது. பிறகு வந்தது. வந்ததில் நியாயம் இருக்கிறது. டீசல் போடுகிறவர் ஒவ்வொரு லிட்டரிலும் சாலைக்குக் கொடுக்கிறார். நாங்கள் சுவரில் செருகிவிட்டுச் சும்மா போகிறோம். ஆனால் வரியை எடை பார்த்துப் போட்டார்கள். பேட்டரி மட்டுமே முந்நூறு கிலோ. வரம்பைத் தாண்டினால் கனரக வகை: வரி மூன்று மடங்கு, பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமும் அதே கணக்கு. எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

மருத்துவமனை வாசலில் இன்னொரு வேன்காரர் நிற்பார். பழைய டீசல் வண்டி. எல்லோருக்கும் அவர் புகையண்ணன்.

"என்ன பேட்டரி, இத்தனை வருஷம் ஓசியில ஓட்டினே. இப்ப வலிக்குதா?"

"வலிக்கலண்ணே. கட்டறேன். ஓடின தூரத்துக்குக் கேளுன்னுதான் சொல்றேன். நீ வெளியூரெல்லாம் போறே, நான் நாலு தெருவைச் சுத்தறேன். பில்லு மட்டும் எனக்குப் பெருசா?"

"உன் வண்டி குண்டு. ரோட்டை அமுக்குது."

"உன் தொப்பையைச் சேத்து நிறுத்திப் பாத்துட்டு அப்புறம் பேசு."

விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் விதியே அதுதான். பதிவு அலுவலக எடைமேடையில் வண்டி ஏறும்போது ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரர் எவரோ அவரே.

முதல் முறை நானும் போனேன். மாற்றுச் சக்கரம், கருவிப்பெட்டி, தரைவிரிப்பு, ரேடியோ எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டாள். அப்படியும் ஒன்பது கிலோ அதிகம்.

எடை பார்ப்பவர் தன்மையாகத்தான் சொன்னார். "பின்னாடி இருக்கிற பலகையைக் கழட்டிட்டு வாங்கம்மா. தாராளமா வரம்புக்குள்ள வந்துரும்."

"கழட்டிட்டா நாற்காலிக்காரங்க எப்படி ஏறுவாங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் இந்த நம்பரைத்தான் பாக்க முடியும்."

இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்.

வரும் வழியில், "நான் கட்டறேம்மா," என்றேன்.

"இந்த வருஷம் நீ கட்டுவே. அடுத்த வருஷம்? வண்டி தன் சோத்தைத் தானே சம்பாதிக்கணும்டி. வாடகையை ஏத்தலாம்னா, வாரம் மூணு நாள் வர்றவங்க ரெண்டு நாளாக்கிடுவாங்க. உடம்பு தாங்காது."

"அப்ப என்னதான் பண்றது?"

வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "இது இருக்குல்ல. இதைக் குறைச்சாப் போச்சு, இஞ்சினீயரம்மா."

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். டீக்குச் சர்க்கரை போடுவதை விட்டாள். முதலில் எதுவும் அசையவில்லை. பிறகு மளமளவென்று இறங்கியது. டயாலிசிஸுக்கு முன் நோயாளிகளை எடை பார்க்கும் மேடை வார்டு வாசலில் இருந்தது. அவர்களோடு அவளும் வரிசையில் நின்று ஏறிப் பார்ப்பாள்.

நாற்காலியில் வருகிறவர்களில் ஒருவர் தையல்காரம்மா. சர்க்கரை நோயில் இரண்டு காலும் போனவர், நல்ல பருமன். அவர் ஒரு நாள் கேட்டார்: "நான் தண்ணி ஏறி ஊதிப்போறேன், நீ வத்திப்போறே. என்ன மருந்துடி அது? எனக்கும் ரெண்டு மாத்திரை கொடேன்."

"வரி மருந்துக்கா. கவர்மெண்டு கொடுக்குது."

நடுமுதுகு வலிப்பதாக அவ்வப்போது சொன்னாள். எடை குறைய வேண்டும் என்று இருக்கையின் பஞ்சு மெத்தையையும் எடுத்திருந்தாள். வெறும் பலகையில் உட்கார்ந்து ஓட்டினால் வலிக்காதா என்றாள்.

இரண்டாம் முறை வரம்புக்கு மூன்று கிலோ கீழே நின்றது. சாய்பலகை அப்படியே இருந்தது. எடை பார்ப்பவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"எதைம்மா கழட்டினீங்க?"

"என்னை."

இலகுரக வகை என்று முத்திரை குத்திக் கொடுத்தார். வாசலில் புகையண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மாவால் அதைக் குடிக்க முடியவில்லை.

அவள் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, டயாலிசிஸ் வார்டு நர்ஸ்தான் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். நான் போனபோது டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்: "எப்பலேருந்து இளைக்கறீங்க?"

"அதுவா இளைக்கல டாக்டர். நானாத்தான் இளைச்சேன். வரிக்காக."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எடைமேடையைப் பற்றிச் சொன்னேன். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் போய்விட்டது என்றார். சாப்பாட்டைக் குறைத்ததில் இரண்டு மூன்று கிலோ போயிருக்கலாம், மீதியை நோய் தின்றிருக்கிறது என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் குறைக்கலையா?" என்றாள்.

தனக்கென்று ஒரு நாளும் டாக்டரைப் பார்க்காமலே மருத்துவமனை வாசலில் இத்தனை வருடம் வண்டியை நிறுத்தியவள், அங்கேயே ஆறு வாரம் படுத்திருந்தாள். தையல்காரம்மாவை யாரோ நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து காட்டினார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் நோயாளிகளைத் தானே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி வேனைப் புகையண்ணன் கேட்டார். அவருக்கே கொடுத்தேன். பெயர் மாற்றும்போது மறுபடி எடை பார்க்க வேண்டும். இருக்கையில் இனி அவர் உட்கார வேண்டும்.

எடைமேடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் ஸ்பேனர்.

"கோவிச்சுக்காதே பாப்பா. நான் தொண்ணூறு கிலோ. பலகையோட நின்னா பெரிய வரி விழும்."

"விலையில குறைச்சுக்கறேன்ணே."

"அது இந்த வருஷத்துக்கு ஆகும். அப்புறம் வருஷா வருஷம் யாரு குறைப்பா? எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க."

அம்மாவும் இதையேதான் சொல்லியிருந்தாள்.

நட்டுகள் துருப்பிடித்திருந்தன. எண்ணெய் விட்டுக் காத்திருந்து திருகினார். கழன்றதும் தனியாகத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. மறுமுனையை நான் பிடித்தேன். அலுவலகச் சுவரில் சாய்த்து வைத்தோம். அவர் வண்டியை மேடையில் ஏற்றினார். இலகுரகம்.

சாயங்காலம் தையல்காரம்மா போன் செய்தார்.

"நாளைக்கு வண்டி உண்டாம்மா?"

"உண்டுக்கா. பலகை மட்டும் இல்ல. தூக்கி ஏத்திக்குவாங்க."

"யாரு?"

"புகையண்ணன். கூட உங்க குடியிருப்பு வாட்ச்மேன்."

"அந்தக் கிழவரா? அவரையே ஒருத்தர் தூக்கணும்." சிரித்தார். பிறகு கையால் சுற்றும் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது.

"நாளைக்கு வேணாம்னு சொல்லிடு," என்றார். "அடுத்த முறைக்குப் பாத்துக்கலாம்."