புஷ்னாக்கோட பெண் கேட்டு எற்றோபிக்கோ போன கதை

பிள்ளையளுக்கு வேற்றினத்தில சம்பந்தம் கேட்டுப் போகலாமோ எண்டு இரண்டு பேர் எழுதிக் கேட்டிருக்கினம். நான் ஒருக்காப் போனனான். எனக்கில்லை, இன்னொருத்தருக்காக. அதைச் சொல்லுறன், பிறகு உங்கட விருப்பம்.

தொண்ணூற்றாறு, நல்ல பனிக்காலம். நகரத்தின்ர கிழக்குப் பக்கம், டோர்செட் பார்க்கில எங்களுக்கு அடுத்த அப்பார்ட்மென்ட்காரர் ஒரு பலஸ்தீனர். குடும்பப் பெயர் புஷ்னாக். அரபியில அதுக்குப் பொஸ்னியாக்காரன் எண்டு அர்த்தம். பூட்டன் காலத்தில பொஸ்னியாவில இருந்து பலஸ்தீனத்துக்கு வந்த குடும்பமாம். மனுசனுக்கு அந்தப் பாஷையில ஒரு சொல்லுத் தெரியாது, ஆனா பெயரைச் சொல்லேக்க நெஞ்சு நிமிரும்.

மகன் சாமிக்கு, கொலிஜ்ஜில கூடப் படிச்ச அம்ராவில விருப்பம். சண்டைக்குத் தப்பி வந்த பொஸ்னியாப் பிள்ளை. அவளுக்கும் விருப்பம்தான். கேள்விப்பட்ட நாள் தொடக்கம் தகப்பனுக்குக் கால் நிலத்தில நிக்கேல்ல. பெண் கேட்கப் போறதெண்டா மதிப்பான ஆம்பிளையளைக் கூட்டிக்கொண்டு போகோணுமாம், அது அவையின்ர வழக்கம். இஞ்ச அவருக்குச் சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்துச் சைவன் நான் அவற்ற குலத்துப் பெரியவனாப் போனன்.

ஞாயிறு பதினொரு மணிக்குத் தகப்பன், சாமி, நான், மூண்டு பேரும் வெளிக்கிட்டம். ஆளுக்கு இரண்டு டொலர். பஸ்ஸில கென்னடி ஸ்டேசன், அங்கயிருந்து சப்வேயில கிப்ளிங், கிட்டத்தட்ட அம்பது நிமிசம். பிறகு எற்றோபிக்கோவுக்குள்ள அம்ரா வீட்டுக்கு இன்னொரு பஸ். ட்ரான்ஸ்ஃபர் துண்டு எடுக்க மறந்தியளோ, திரும்பக் காசு கட்டவேணும். கிப்ளிங் பஸ் தரிப்பில காத்து முகத்தில அறையும், தொப்பி கட்டாயம்.

அம்ராவின்ர தாயும் தகப்பனும் எங்களை அன்பாத்தான் கூப்பிட்டு இருத்தினவை. சின்னக் கிண்ணத்தில காப்பி வந்தது. பெரியவைக்கு இங்கிலீஸ் வராது, அம்ராதான் மொழிபெயர்த்தவள். தன்ர கலியாணப் பேச்சைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை, முகமெல்லாம் வெட்கம். புஷ்னாக் எண்ட பெயரைக் கேட்டு அந்தத் தகப்பனும் சிரிச்சார். அதோட இவர் நிப்பாட்டியிருக்கலாம்.

"நூறு வருசமா நாங்கள் வெளியில கலக்கேல்ல. என்ர மனுசி என்ர சித்தப்பாவின்ர மகள். என்ர தாய் தகப்பனும் அப்பிடித்தான்" எண்டார், பதக்கம் காட்டுற மாதிரி.

அம்ரா அதை மொழிபெயர்க்கேல்ல. என்ன சொன்னவர் எண்டு தாய் கேட்டுக் கேட்டு நிண்டா, கடைசியில சொன்னாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிட்டா. பொஸ்னியாச் சனம் தூரத்துச் சொந்தத்துக்குள்ளயும் கட்டாதாம், கேட்கவே அருவருப்பாம். தகப்பன் தணிஞ்ச குரலில ஏதோ சொன்னார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள்:

"உங்களிட்டப் பெயர் மட்டும்தான் எங்கட. பொம்பிளை தர ஏலாது எண்டுறார்."

எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது, சித்தப்பா மகள் எங்களுக்குத் தங்கச்சி முறையெல்லோ. ஆனா நான் கட்டினது மாமாவின்ர மகளை. அம்ராவின்ர தாய்க்கு அது தெரிஞ்சிருந்தா என்னையும் ஒரு மிருகமாத்தான் பார்த்திருப்பா. ஒவ்வொருத்தனும் மற்றவனை அருவருக்க ஒரு முறை வைச்சிருக்கிறான், சீ எண்டு போச்சு.

திரும்பேக்க சாமி எங்களோட இருக்கேல்ல, அடுத்த பெட்டியில ஏறினான். பாதி வழியில தகப்பன் சொன்னார்: "வெளியில கலக்கேல்ல எண்டது பெருமையில்லை. வந்தான் வரத்தான் எண்டு அங்க எங்களுக்கு ஒருத்தரும் பொம்பிளை தரேல்ல. வேற என்ன செய்யிறது? எங்களுக்குள்ளயே கட்டினம்."

ஆகவே, போறவை முதல் அவையின்ர வழக்கத்தை விசாரியுங்கோ. பழைய உறவு எண்டு தோளில கை போடாதேங்கோ. எங்க என்ன கதைக்கிறதெண்டு பெடியனையும் ஒரு வார்த்தை கேளுங்கோ, வாழப்போறது அவன்.

அடுத்த கோடையில சாமியின்ர கலியாணம் நடந்தது. அம்மான் எண்ட அரபு நகரத்திலயிருந்து பொம்பிளை வந்தது. கார்ட்டை அவனே கொண்டுவந்து தந்தான், என்ர முகத்தைப் பார்க்கேல்ல. மாப்பிளை புஷ்னாக், பொம்பிளையும் புஷ்னாக்.