ஆறு ஞாயிறும் என் இடது காதும்

சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் திருவிழாக்கள் வரிசை கட்டி வந்து போன பிறகு எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி முகம்தான் இருக்கும். வேனை விட்டு இறங்கும்போது யாரும் யாரிடமும் பேசமாட்டோம். அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

நான் வயலின் வாசிக்கிறவள். விருத்தாசலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் வாசித்தேன். கம்மாபுரம் பக்கம் மாரியம்மன் திருவிழா, மங்கலம்பேட்டையில் கல்யாண வரவேற்பு, கருவேப்பிலங்குறிச்சியில் காதுகுத்து. எங்கே போனாலும் திரும்பத் திரும்ப அதே நாற்பது ஐம்பது பாட்டு. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வயலின் வரும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் விரலுக்குத் தெரியும். மேடையில் எனக்கு ஒதுக்கிய இடம் இடது ஓரம். பக்கத்திலேயே ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ் நிற்கும். அது அதிரும்போது நாற்காலியும் சேர்ந்து அதிரும்.

போன வருஷம் ஆடி முடிந்து நாலைந்து நாள் இருக்கும். எங்கள் குழுவில் கிதார் வாசிக்கும் தம்பி வீட்டுக்கு வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பகலில் ஒரு செராமிக் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறான்.

"அக்கா, நாம நாலு பேரு மட்டும் தனியா வாசிக்கலாமா? பாடுறவங்க வேணாம், மைக்கு வேணாம். ஒரு ரூமு இருந்தா போதும்" என்றான்.

சென்னையில் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைச் சேர்ந்தவர்கள் நாலைந்து பேராகச் சின்ன அறையில் உட்கார்ந்து வாசித்ததை அவன் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தான். மாதம் ஒரு தரம் என்று தொடராக நடத்துகிறார்களாம். அதே போல் இங்கேயும் ஆறு மாதம், ஆறு ஞாயிறு நடத்தலாம் என்றான். அதற்கென்று நாலைந்து இசை உருப்படிகள் எழுதியும் வைத்திருந்தான்.

"ரூமுக்குள்ள வந்து யாரு கேப்பாங்க?"

"வர்றவங்க வரட்டுங்க்கா."

மறுத்துப் பேசவும் எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

நான், அவன், தபலா வாசிக்கும் பாய், புல்லாங்குழல் அண்ணன். பாய்க்கு மங்கலம்பேட்டையில் செருப்புக் கடை இருக்கிறது. அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குழுவிலேயே மூத்தவர். நான் சேர்ந்த முதல் நாளிலிருந்து மேடையில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது.

அறையைத் தம்பியே பிடித்துக் கொடுத்தான். அவன் வேலை பார்க்கும் யூனிட்டின் மாடி அது. முன்பு பொம்மைகளுக்குப் பெண்கள் வர்ணம் தீட்டிய இடம். இப்போது காலியாகக் கிடந்தது. நாற்காலி மேல் கை வைத்தால் களிமண் தூசி வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கீழே சூளை ஞாயிற்றுக்கிழமையும் அணைவதில்லை என்பதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நாலு மணி என்று முடிவு செய்து, "அறை இசை" என்று தலைப்புப் போட்டு, தம்பி வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பினான்.

முதல் ஞாயிறு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். பாதிப்பேர் எங்கள் வீட்டு ஆட்கள். டீயும் மசால்வடையும் இருந்தது. அன்று விடிகாலையில்தான் நான் ஒரு கச்சேரி முடிந்து வீடு திரும்பியிருந்தேன். என்ன வாசித்தேன் என்பதே சரியாக நினைவில்லை. கைதட்டல் மட்டும் நினைவிருக்கிறது. சின்ன அறையில் எது யாருடைய கை என்றுகூடத் தெரிகிறது.

இரண்டாவது ஞாயிறு பதினாலு பேர். அன்றைக்குத் தம்பி போனில் பதிவு செய்து எங்கள் நாலு பேருக்கும் அனுப்பினான். மறுநாள் சமையல் செய்துகொண்டே கேட்டேன். என்னிடம் இருந்த இயர்போனில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். அதை வலது காதில் மாட்டியிருந்தேன். தம்பி எழுதிய இரண்டாவது உருப்படியில் வயலினும் புல்லாங்குழலும் மேல் ஸ்தாயியில் ஒன்றாகப் போகிற இடம் ஒன்று உண்டு. அங்கே வயலின் சுருதி விலகியிருந்தது. கொஞ்சமாக இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற அளவுக்கு விலகியிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி கேட்டேன். போனில் பதிவு சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் புல்லாங்குழல் சரியாக இருக்கிறதே என்றும் தோன்றியது.

வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது அவரிடம் கேட்கக் கொடுத்தேன்.

"நல்லாத்தான இருக்குது" என்றார்.

"இந்த எடத்த கேளுங்க. வயலினு மட்டும் தனியா போவல?"

"எனக்கு என்னா தெரியும்? நீதான் சொல்லணும்."

மூன்றாவது ஞாயிறு நான் கவனமாக இருந்தேன். அந்த இடம் வந்தது. அண்ணன் என்னோடு மேலே ஏறவில்லை. கீழ் ஸ்தாயியிலேயே நின்றுகொண்டார். எழுதியிருந்தது அப்படியில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தலையைக் குனிந்து வாசித்தார். நான் மட்டும் மேலே தனியாக வாசித்து முடித்தேன். என் காதுக்கு அது சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முடிந்ததும் பாயிடம் கேட்டேன். "சூடுக்கா. கீழ சூளை எரியுது பாருங்க, தந்தி எறங்கிடுது" என்றார். அவர் நல்ல மனுஷர். பொய் சொல்லும்போது வேட்டியைச் சரிசெய்வார்.

அன்றைக்கு எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் சவுண்ட் ஆளும் முதல் தடவையாக வந்திருந்தான். மேடைக்கு எதிரே மிக்ஸர் போர்டில் உட்கார்ந்து யார் சத்தம் எவ்வளவு வெளியே போகவேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவன். நான் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு அவனைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"எப்பிடிப்பா இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சிக்கா."

"நான் மேல வாசிச்சது?"

அவன் வண்டிச் சாவியைத் தேடினான். கையில்தான் வைத்திருந்தான்.

"சொல்லுப்பா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"ஸ்டேஜ்ல நான் பாத்துக்குவேங்க்கா. இங்க போர்டு இல்ல. அதான்."

"பாத்துக்குவேன்னா?"

"நீங்க மேல போறப்ப உங்க மைக்கு சேனல எறக்கிடுவேன். கீபோர்டுக்காரரு அதே எடத்த வயலின் சத்தத்துல சேர்த்து வாசிப்பாரு இல்ல, அத கொஞ்சம் ஏத்திடுவேன். வெளிய யாருக்கும் தெரியாது."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்குங்க்கா." பிறகு, நான் கேட்காமலே சொன்னான். "அண்ணன்தான் சொன்னாரு. உங்க நல்லதுக்குத்தான் சொன்னாரு."

வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து கணக்கில்லாத ராத்திரிகளை நினைத்தேன். இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வாசித்த ராத்திரிகள். தோளில் வலி நிவாரணக் களிம்பு தடவிக்கொண்டு வேனில் ஏறியது. ஒரு தடவை காய்ச்சலோடு போய் வாசித்தேன், நான் இல்லாவிட்டால் முன்னிசை நன்றாக இருக்காதே என்று. அந்த ராத்திரிகளில் மேலே நான் வாசித்தது ஒன்றும் வெளியே போகவில்லை. ஜனங்கள் கேட்டது கீபோர்டை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உடம்பெல்லாம் கனத்தது. வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஆர்ச் ஸ்டாப்பில் இறங்கவேண்டியவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி நடந்தேன்.

தம்பிக்குப் போன் செய்து இனி வரமாட்டேன் என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"சவுண்டு பையன் சொல்லிட்டானாம்மா?" என்றார்.

"ரெண்டு வருஷம் பக்கத்துல ஒக்காந்து வாசிச்சிருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? நான் செத்தப்புறமா?"

வீட்டுக்காரர் "ஏய்" என்றார். அண்ணன் கையைக் காட்டி அவரைத் தடுத்தார்.

"அவ கேக்கட்டும்பா." பிறகு என்னிடம், "தைரியம் வல்லம்மா. சொன்னா நீ மறுநாளே வுட்டுட்டுப் போயிடுவ. உன் கொணம் எனக்குத் தெரியாதா? அந்தத் தம்பி ரூம்ல வாசிக்கலாம்னு சொன்னப்ப, வயலினுக்கு உன்னக் கூப்புடச் சொன்னதே நான்தான். மைக்கு இல்லன்னா உனக்கே கேட்டுடும், நான் சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

"பதினாலு பேரு முன்னாடி கேக்கணுமா எனக்கு?"

 என் கோபம் குறையவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த களைப்பு என் முகத்தில் இருப்பதுதான் என்று பட்டது. அவருக்கும் இரண்டு வருஷம். பக்கத்தில் தப்பாக ஒலிக்கும் ஒரு வயலினைக் கேட்டுக்கொண்டு, கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்த இரண்டு வருஷம்.

"காது டாக்டர பாரும்மா மொதல்ல. அதுக்கப்புறம் என்ன திட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

பாண்டிச்சேரிக்கு வீட்டுக்காரரோடு போனேன். கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி போன்ற அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதில் வரிசையாக வந்தது. இடது காதுக்கு மாற்றினார்கள். முதலில் நாலைந்து தடவை வந்தது. பிறகு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே சோதனை செய்த பெண் ஏதோ திருகுவதும் என்னைப் பார்ப்பதும் தெரிந்தது. நான் கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

டாக்டர் காகிதத்தைக் காட்டினார். வலது காதின் கோடு நேராகப் போயிற்று. இடது காதின் கோடு பாதியில் படிக்கட்டில் விழுந்த மாதிரி கீழே போயிருந்தது.

"ஒரே சுரம் ரெண்டு காதுலயும் வேற வேறயா விழும்மா. நீங்க வயலின இடது பக்கம் வச்சிக்கறீங்க, அதனால அந்தக் காத நம்பிட்டீங்க" என்றார். போனது திரும்பாது, மிஷின் வைத்தால் பேச்சுக் கேட்க உதவும், பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் உட்காராமல் இருந்தால் மேலும் போகாமல் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து டீ குடித்தோம். வீட்டுக்காரர், "டிவி சவுண்டு அதிகமா வைக்கறப்பல்லாம் நான் உன்ன திட்டுனன் பாரு" என்றார். 

நான்காவது ஞாயிறுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தம்பி வந்தான். கையில் காகிதக் கட்டு.

"அக்கா, எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டேன். மேல போறதெல்லாம் அண்ணனுக்கு. உங்களுக்குக் கீழ ரெண்டு தந்தி மட்டும். அதுல உங்களுக்குப் பெசகாது. நாங்க மூணு பேரும் அந்த ரெக்கார்டிங்க கேட்டுப் பாத்துட்டோம்."

"வயலின வச்சிக்கிட்டுக் கீழயே வாசிக்கறதா?"

"வேற என்னாக்கா பண்றது? உங்கள வுட்டா இங்க வயலினு யாரு இருக்கறாங்க? ஆறு ஞாயிறுன்னு சொல்லிட்டோம்."

அவன் ஆறுதலாக எதுவும் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் பழக்கம் செய்தது சுலபமாக இல்லை. நாற்பது வருஷமாக மேலே ஏறுவதைத்தான் வாசிப்பு என்று நினைத்திருந்தேன். சர்ச்சில் சின்ன வயதில் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே அப்படித்தான். கீழே நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வாசிப்பதற்குக் காத்திருக்க வேண்டும். வில்லை மெதுவாக இழுக்க வேண்டும். 

நான்காவது ஞாயிறு அண்ணன் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். அந்த அறையில் முந்தைய மூன்று ஞாயிறும் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கிடையாது எங்களுக்குள். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர், முன்பு அதே அறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிய ஒரு அம்மா. எல்லா ஞாயிறும் வருவார். இரண்டாவது உருப்படியில் அண்ணன் மேலே போனார், நான் கீழே நின்றேன். நடுவில் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றதும் அறை இன்னும் அமைதியாகிவிட்டது. வேர்வை முதுகில் இறங்கியது. நிறுத்தாமல் வாசித்தோம். பிரமாதமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டு இடத்தில் நான் தாமதமாக நுழைந்தேன். ஆனால் அண்ணன் ஜன்னலைப் பார்க்கவில்லை, என் வில்லைப் பார்த்தே வாசித்தார்.

முடிந்து வடையைக் கையில் எடுத்தபோது அவரிடம், "மூணாவதுல நீங்க கொஞ்சம் ஓடுறீங்கண்ணே" என்றேன்.

"மூச்சு பத்தலம்மா. வயசாவுது இல்ல" என்றார். அவ்வளவுதான் பேசினோம். அதற்குப் பிறகு பழைய மாதிரி பேச ஆரம்பித்துவிட்டோம். மன்னித்துவிட்டேனா என்று யாராவது கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். தினமும் கோபப்படுவதற்கு வேண்டிய பலம் என்னிடம் இல்லை.

ஐந்தாவது ஞாயிறுக்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவரைப் பார்த்து, இனி மேடைக்கு வரவில்லை என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், வேறு இடத்தில் உட்காரவைக்கிறேன் என்றார். வேண்டாங்க என்றேன். வீட்டில் நாலைந்து பிள்ளைகள் வயலின் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்குச் சுருதி சேர்க்கும்போது வலது காதைத் திருப்பிக் கேட்கிறேன். அவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்துத் தாங்களும் தலையைத் திருப்புகிறார்கள். சொல்லித் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆறாவது ஞாயிறு பதினோரு பேர். முடிந்ததும் தம்பி எழுந்து நன்றி சொன்னான். இதுதான் கடைசி என்றும் சொன்னான். கைதட்டிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். வர்ணம் தீட்டிய அம்மா மட்டும் நின்றார்.

"அடுத்த மாசம் கெடையாதா?"

"இல்லைங்கம்மா. ஆறோட முடிஞ்சுது."

"செரி. இனிமே ஞாயித்துக்கெழம துணியாச்சும் தொவைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாய் சிரித்துக்கொண்டே தபலாவை உறைக்குள் போட்டார்.

அடுத்த வருஷமும் நடத்தலாமா என்று தம்பி கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்க்கலாம் என்றேன். உடனே எதையும் யோசிக்க முடியவில்லை. நாலு பேருமாக நாற்காலிகளை அடுக்கி, தரையைப் பெருக்கி, ஜன்னலைச் சாத்தினோம். வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு, விளக்கு வைத்த கையோடு ஏழு மணிக்கே படுத்துவிட்டேன். வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. நல்ல தூக்கம்.